அனுமதிக்கப்பட்ட பளு

மின்வாரிய அட்டையில் பேர் என்னுடையது:
ச. கிட்டம்மாள், மணியகாரம்பாளையம் ரோடு,
பத்து எச்.பி.
ஜோசியம் ஒன்றுமில்லை.
சதாசிவம் பேரில் ஏற்கெனவே பாக்கி இருந்தது.

முதல் கலவை மெஷின் அரை மூட்டைக்கானது.
தகட்டை உருட்ட மெஷின் இல்லை;
மருதாசலம் சம்மட்டியால் வளைத்தார், ஒன்பது நாள்.
வெல்டிங் வைத்தால் தெருவே மங்கும்,
எதிர்வீட்டு டி.வி. சுருங்கி விரியும்.
"ஏனுங்க, நாடகம் முடியட்டும், அப்பறம் ஒட்டுங்க"
என்று சுவர் தாண்டி ஒரு குரல் வரும்.
ஒன்பதரைக்கு மேல்தான் எங்களுக்கு நெருப்பு.

அந்த மெஷின் சூலூர்ப் பக்கம்
கல்யாண மண்டபம் கட்டப் போயிற்று.
பணம் மூன்று தவணை. மூன்றாவது இன்னும் வரவில்லை.
அங்கே நாலு கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்து
கழித்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து எச்.பி. ஆனபோது
பொக்லைனுக்குப் பக்கெட் செய்தோம்,
சாரத்தில் கல் ஏற்றும் லிஃப்ட் செய்தோம்.
மேட்டுப்பாளையத்திலிருந்து
ஹபிபுல்லா ராவுத்தர் வந்தார், மர டிப்போக்காரர்.
"உங்க பக்கெட் மண்ணைத்தானுங்க அள்ளுது.
தேயிலைக்கு நடுவுல வெட்டுன சில்வர் ஓக்,
மழையில ஊறுனா ஆள் தூக்க முடியாது.
எனக்கு ஒரு கை வேணும்."

மருதாசலம் கோத்தகிரிக்கு பஸ் ஏறினார்.
மூன்று நாள் மரம் ஏற்றுவதையே பார்த்தார்.
வந்து ஷெட் தரையில் சாக்பீஸால் இழுத்தார்:
இரண்டு வளைவு, நடுவே வெற்றிடம்.
"இந்த வெத்துதானுங்க மெஷினு.
அடிமரம் வந்தாலும் கழி வந்தாலும்
அதுக்குத் தக்கன சுருங்கோணும்."

பதினொரு கை விற்றோம்.

பன்னிரண்டாவதற்கு முன்பணம் வாங்கிய வாரம்
குஞ்சப்பனைப் பக்கம், ராத்திரி மழையில்
ஒரு பின் முறிந்து கை திறந்துகொண்டது.
மரம் லாரியின் முன்கூண்டில் விழுந்தது.
டிரைவர் போஜன்
ஒண்ணுக்குப் போக இறங்கியிருந்தார்.
ராவுத்தர் போனில் திட்டவில்லை.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பின்னை உலைக்கு அனுப்பிப் பதமேற்றாமல்
மிச்சம் பிடித்தது நான்.
ஒன்றுக்கு நூற்றியெண்பது ரூபாய்,
கைக்கு நான்கு, மொத்தம் நாற்பத்துநான்கு.
நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
சேமிப்பு 7,920.
சதாசிவத்திடம் நோட்டை விரித்து வைத்தேன்.
அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"பதினொண்ணையும் வாங்கு" என்றார்.

பத்து திரும்பி வந்தன.
வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவர் மட்டும்
நல்லாத்தானே பிடிக்குது, தர மாட்டேன் என்றார்.
நாற்பது கொண்டை ஊசி வளைவு,
மடியில் நான்கு புதுப்பின், வாயில் எலுமிச்சை.
அவர் மதியச் சாப்பாடு முடிக்கும்வரை
அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
மாற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த வருசம் போனஸுக்கு
என் காசுமாலை போயிற்று.
மருதாசலம் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை,
என்னோடும்தான்.

பிறகு எப்படி வளர்ந்தோம் என்று
பேங்குக்காரர்கள் கேட்கிறார்கள்.
சொல்லத் தெரியவில்லை. வீடுகள் கட்டினார்கள்,
பாலம் கட்டினார்கள், ஆள் கிடைக்கவில்லை.
ராவுத்தர் மறுபடி வந்தார், இரண்டு கை கேட்டார்,
பின்னைக் கையில் வாங்கி
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

இன்று அரசூரில் ஆறு ஏக்கர்.
மகள் யாழினி திரையில் வரைகிறாள்,
லேசர் இரும்பைத் துணி மாதிரி நறுக்குகிறது.
ஒடிசாவிலிருந்து வந்த தபன்
வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு
"போச்சாதுங்கக்கா, அந்தியில முடிச்சர்லாம்" என்கிறான்.
பதினாலு கை கப்பலில் காபோனுக்குப் போகின்றன;
அங்கே என்ன மரம் என்று எனக்குத் தெரியாது,
குறுக்களவு மட்டும் தெரியும்.

நூற்றைம்பதைத் தாண்டினால் உயரழுத்தம்,
சொந்த டிரான்ஸ்பார்மர், புது விண்ணப்பம்.
உதவிப் பொறியாளர் கேட்கிறார்:
"எவ்வளவு பளு வேணும்னு போடுங்கம்மா."
மேலே ஃபேன் ஓடுகிறது, தாள் பறக்கப் பார்க்கிறது.
அந்த முறிந்த பின்னின் பாதியை
அதன் மேல் வைத்திருக்கிறேன்.
முதலில் பென்சிலால் எழுதுகிறேன்.